கரடிகள் தேறிவிட்டன

ஆர்விட் டோலஃப்ஸன் வில்லோ ஃபோர்க் பள்ளத்தாக்கில் தேனீ வளர்ப்பவர், அறுபதைக் கடந்தவர், மணம் செய்துகொள்ளாதவர். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை ஒரு வண்டியும் இல்லாத புல்வெளிச் சந்திப்பிலும், 'நில்' என்னும் பலகையைக் கண்டால் நிறுத்துவார். இடமும் வலமும் நோக்குவார். அதன் பின்னரே வண்டியை எடுப்பார். அவருடன் வசிக்கும் விதவைத் தமக்கை இங்கா பக்கத்து இருக்கையிலிருந்து, "காத்து நம்மளைக் கடந்து போயிடுச்சாடா? இனி நாம போலாமா?" என்று கேட்பாள். சட்டம் என்பது யாரேனும் பார்க்கும்போது மட்டும் செல்லுபடியாவதன்று என்பது ஆர்விட்டின் கொள்கை.

அவர் பொய் சொன்னதில்லை. எவர்க்கும் எதற்கும் நன்றி கூறுவார். பெட்ரோல் நிலையத்து இயந்திரம் சீட்டைத் துப்பினால் அதற்கும் ஒரு நன்றி உண்டு. பின்விளக்கு எரியவில்லை என்று அபராதம் விதித்த காவலருக்கு நன்றியோடு ஒரு புட்டித் தேனும் கொடுத்தவர் அவர். இது அவருடைய தனிக்குணம் என்று கருதலாகாது. ஆறு மாதம் பனியில் புதைந்து, பக்கத்து வீட்டாரின் தயவில் உயிர் பிழைத்த முன்னோர்களின் வழிவந்தவர்கள் அப்பள்ளத்தாக்கினர். அங்கே ஒருவர் மற்றொருவரிடம் சண்டைக்குச் சென்றாலும், "காபிக்கு ரொம்ப நன்றி" என்று தொடங்கியே சண்டையிடுவார்.

ஆர்விட்டின் தேன்பெட்டிகள் ஓடைக்கு இப்பால் இருந்தன. ஓடைக்கு அப்பால் அரசுக் காடு. அக்காட்டில் ஒரு பழுப்புக் கரடி வாழ்ந்தது. பெண் கரடி, கழுத்தைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் ஒரு பட்டை உடையது. பல்லாண்டுகளுக்கு முன்னர் ஒரு வசந்தத்தில் அது ஓடையைத் தாண்டி வந்து பாதிப் பெட்டிகளைப் பிரித்துத் தின்றது. ஆர்விட் மின்வேலி அமைத்தார். கரடி ஒருமுறை மூக்கை வைத்துப் பார்த்தது. அதன் பின்னர் இருதரப்பிலும் வழக்கில்லை. ஒருமுறை சொத்தில் உரிமை கேட்டுவிட்டு, எல்லை வகுத்தபின் ஒதுங்கிக்கொண்ட உறவு என்பதால், அவர் அதனைப் 'பங்காளி' என்றே அழைத்தார். இவ்வாண்டு பங்காளியின் பின்னே இரண்டு குட்டிகள் திரிந்தன. காலையில் அவை ஓடைக் கற்களைப் புரட்டிப் பூச்சி தின்பதை, தேன்சட்டத்தைக் கையில் வைத்தபடி அவர் நின்று பார்ப்பார். தாய் நிமிர்ந்து அவரைப் பார்க்கும். இருவரும் தத்தம் வேலைக்குத் திரும்புவர்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில், கரடிகள் தேறிவிட்டன என்ற செய்தி தலைநகரிலிருந்து வந்தது. நெடுங்காலமாக அவ்வினத்தைச் சுடுவதற்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. இப்போது போதிய தொகையில் பெருகிவிட்டதால் அவற்றின் பெயர் காப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாம். இனி அவற்றைப் பேணும் பொறுப்பு மலைநாட்டுப் பெருவிலங்கு ஆணையத்தைச் சேர்ந்ததாம். ஆணையம் அந்த வெற்றியைக் கொண்டாடச் சந்தைத் திடல் மண்டபத்தில் விழா எடுத்தது. வாயிலில் பஞ்சடைத்த கரடி ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் பட்டமளிப்புத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்திருந்தார்கள். ஆர்விட் கழுத்துப்பட்டை அணிந்து இங்காவுடன் சென்றார்.

ஆணையத் தலைவர் டெல்வின் ஸ்ட்ராட்மன் முன்னாளில் டிராக்டர் விற்றவர். இன்னும் விற்பவர் போலவே பேசினார்.

"நண்பர்களே, இன்னிக்குப் பெருமையான நாள். எங்க தாத்தா காலத்துல இங்க கரடி ஏராளம். அவர் சுட்டார். எங்க அப்பா காலத்துல ஒண்ணுகூட மிச்சமில்ல. பாவம், அந்த மனுஷன் ஏங்கி ஏங்கியே செத்தார். அந்த ஏக்கம் என் பிள்ளைக்கு வரக்கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக் காப்பாத்தினோம். சிலபேர் கேக்கறாங்க, உங்களுக்குக் கரடி மேல பாசம் இருக்கான்னு. நான் திருப்பிக் கேக்கறேன். பாசம் இல்லாத ஒண்ணை யாராவது வீட்டுச் சுவத்துல மாட்டி வைப்பாங்களா?"

மண்டபம் கைதட்டியது. அடுத்து, ஆணையத்தின் விலங்கியல் ஆலோசகர் முனைவர் ப்ரெண்டா லாக்ரிட்ஜ் எழுந்து, பாதுகாப்பு நீங்கியதை எளிய உவமையால் விளக்கினார்.

"நோயாளி குணமாயிட்டார்னா மருந்தை நிறுத்தறோமா இல்லையா?"

ஆர்விட் கையை உயர்த்தினார். "நிறுத்தறோம்மா. நல்ல விளக்கம், ரொம்ப நன்றி. ஆனா குணமாகி வெளிய வர்றவரை ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு யாரும் சுடறதில்லையே?"

"உவமையை அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது, சார்" என்றார் முனைவர்.

கரடி உருவில் செய்த சாக்லெட் கேக்கு மேடைக்கு வந்தது. தலைவர் தலையிலிருந்து வெட்டத் தொடங்கினார். ஒரு காதும் ஒரு கண்ணும் அடங்கிய துண்டு ஆர்விட்டின் தட்டில் விழுந்தது. அவர் நன்றி கூறி வாங்கிக்கொண்டார், உண்ண இயலவில்லை.

"கண்ணை நீ சாப்பிடறியா, நான் சாப்பிடட்டுமா?" என்றாள் இங்கா.

வேட்டைப் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கும் என்றும், அதற்கு முன் மக்கள் கருத்து கேட்கப்படும் என்றும் விழாவின் இறுதியில் அறிவித்தார்கள். ஆர்விட் ஆறுதலடைந்தார். கேட்டால் சொல்லலாம், சொன்னால் புரிந்துகொள்வார்கள். அரசாங்கம் என்பது அதற்காகத்தானே ஏற்பட்டது?

கருத்துக்கேட்பு நாளன்று அதே மண்டபம். பேசுபவர்க்குத் தலைக்கு மூன்று நிமிடம். மேசைமீது சாலைச் சந்திப்பில் உள்ளது போன்ற மூவண்ண விளக்கு ஒன்று இருந்தது. பச்சை எரிந்தால் பேசலாம். மஞ்சள் எரிந்தால் முடிக்கலாம். சிவப்பு எரிந்தால் ஒலிபெருக்கி தானே அணைந்துவிடும்.

பள்ளிக்கூடச் சமையற்காரி மார்லிஸ் முதலில் பேசினாள். "ஆணையத்தார் அத்தனை பேருக்கும் நன்றி. உங்க உழைப்பு எங்களுக்குத் தெரியும். ஆனா, யார் சுட்ட கரடிக்கு மண்டை பெருசுன்னு அளந்து பரிசு குடுக்கறதுக்காக ஒரு ஜீவனைக் கொல்றதை என்னால ஒத்துக்க முடியாது." கன்றுகளைக் கரடிக்குப் பறிகொடுத்திருந்த மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர், "இவ்வளவு தூரம் வந்ததுக்கு உங்களுக்கு நன்றிங்க. எனக்குக் கரடியோட சண்டை உண்டு. ஆனா அது எனக்கும் அதுக்கும் உள்ள சண்டை. வெளியூர்க்காரன் வந்து படம் எடுத்துக்கறதுக்கு இல்ல" என்றார். இவ்வாறே மாலைவரை பேசினார்கள். ஒருவரும் வேட்டையை ஏற்கவில்லை. ஒருவரும் நன்றி கூறத் தவறவில்லை. ஆர்விட்டும், "உங்க பொறுமைக்கு ரொம்ப நன்றி. தயவுசெஞ்சு இந்த வேட்டை வேண்டாம்" என்று தொடங்கி, பங்காளியைப் பற்றியும் குட்டிகளைப் பற்றியும் கூறி, மஞ்சள் விளக்கு எரியுமுன்னரே அமர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆணையம் கருத்துக்கேட்பின் முடிவை வெளியிட்டது. பேசிய அனைவரும் வேட்டையை ஆதரித்தார்கள் என்றும், இத்தகைய ஒருமனப்பாடு ஆணைய வரலாற்றிலேயே முதன்முறை என்றும் அதில் கண்டிருந்தது.

எங்கோ ஒரு பிழை நேர்ந்திருக்கும் என்றெண்ணி ஆர்விட் ஆணைய அலுவலகத்துக்குச் சென்றார். பதிவாளர் நோரீன் பிக்ஸ்லி இரக்கமுள்ள பெண்மணி. அவருக்கு இருக்கை அளித்து விளக்கினாள்.

"முதல் வாக்கியம்தான் சார் எங்களுக்குக் கணக்கு. மனுஷன் மனசுல இருக்கிறது முதல் வாக்கியத்துலயே வந்துருமாம். நிபுணர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தது. மிச்சத்தையெல்லாம் கேட்டு எழுத ஆளும் இல்ல."

"நான் ரெண்டாவது வாக்கியத்துலயே வேண்டாம்னு சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. அழகாச் சொன்னீங்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆனா அது ரெண்டாவது வாக்கியம்."

"திருத்திக்கலாமா?"

"தாராளமா. இப்பவே புதுசாச் சொல்லுங்க, பதிஞ்சுக்கறேன்."

"ரொம்ப நன்றிம்மா. நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

நோரீனின் எழுதுகோல் அதற்குள் ஓடி நின்றுவிட்டது. "ஆச்சு சார். இப்ப உங்க பேர்ல ரெண்டு ஆதரவு."

வீட்டுக்கு வந்து இதைக் கூறியபோது இங்கா சிரிக்கவில்லை. இறுதி வாக்கெடுப்பு நாளன்று மறுபடியும் பேச வாய்ப்புண்டு என்று அறிந்து, சமையலறையிலேயே பயிற்சி தொடங்கினாள். அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, மேசைக்கு எதிரே தலைவராக அமர்ந்தாள்.

"பேசு."

"மதிப்புக்குரிய தலைவரே, முதல்ல உங்களுக்கு..."

அகப்பை மேசையில் இறங்கியது. "தப்பு. மறுபடி."

"உங்க நேரத்தை ஒதுக்கி..."

மறுபடியும் அகப்பை. "ஏன்டா, ஒருத்தனைத் திட்டறதுக்குக்கூட நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கணுமா?"

"அப்படித்தானேக்கா நம்மளை வளர்த்தாங்க?"

"நானும் அதே வீட்லதான் வளர்ந்தேன். எனக்கு ஒட்டல பாரு. மறுபடி."

வாக்கெடுப்பு நாளும் வந்தது. ஆர்விட் ஒலிபெருக்கியின் முன் நின்றார். பச்சை விளக்கு எரிந்தது. நாவின் நுனியில் வந்து நின்ற சொல்லை அவர் விழுங்கினார், அது மீண்டும் வந்தது, மீண்டும் விழுங்கினார். தாகத்தால் தவிப்பவரென்று கருதி யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கும் வாய் திறவாமல் தலையை மட்டும் அசைத்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"நீங்க செய்யறது தப்பு" என்றார் ஆர்விட்.

முன்வரிசையில் இருந்த மார்லிஸ் திரும்பிப் பார்த்து, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தலைவர் ஸ்ட்ராட்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே அவர் மனம் புண்பட்டிருந்தது.

"இந்தப் பள்ளத்தாக்குல இப்படி ஒரு பேச்சை நான் எதிர்பார்க்கல. கருத்து வேறுபாடு இருக்கலாம். அதை நாங்க வரவேற்கறோம். மரியாதையோட எத்தனை பேர் எதிர்த்துப் பேசினாங்க, அவங்க அத்தனை பேரையும் ஆதரவுன்னு எழுதிக்கிட்டோமே? ஆனா மரியாதை இல்லாத கருத்தைக் கருத்தாவே எடுத்துக்க எங்க விதியில இடமில்ல."

"மன்னிச்சுக்கோங்க" என்று ஆர்விட்டின் வாயிலிருந்து தானே வந்துவிட்டது.

"மன்னிப்புக் கேட்டு அவர் தன்னோட கருத்தைத் திரும்ப வாங்கிட்டார்னு பதிஞ்சுக்கோங்க, நோரீன்" என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. சிவப்பு விளக்கு எரிந்தது. உறுப்பினர் அனைவரும் கையை உயர்த்தினார்கள், தீர்மானம் நிறைவேறியது.

விதிகளை ஆர்விட்டுக்கு நேரில் விளக்கிக் கூறியவர் காட்டுக் காவலர் ராய்ஸ் கிம்பிள். நல்லவர், ஆண்டுதோறும் ஆர்விட்டிடம் தேன் வாங்குபவர். தேன்பெட்டிகளருகே நின்று, தொப்பியைக் கையில் சுழற்றியபடியே பேசினார்.

"வேட்டைச் சீட்டுக் குலுக்கல்ல பேர் வந்தவங்க ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் காட்டுக்குள்ள போகணும், பெரியவரே. கூட்டமாப் போக முடியாது. அப்புறம், பெண் கரடிக்குன்னே தனியா ஒரு பாதுகாப்பு விதி போட்டிருக்கோம். இந்த நாட்டுலயே கடுமையான விதின்னு தலைவர் சொல்றார்."

"என்ன விதி?"

"முதல் பெண் கரடி விழுந்த நிமிஷமே சீசன் குளோஸ். அப்புறம் இந்த வருஷம் எவனும் துப்பாக்கியைத் தொட முடியாது."

ஆர்விட் தேனீக்களுக்குப் புகை போடும் கருவியைக் கீழே வைத்தார். "அதாவது, பெண் கரடிகளுக்குப் பாதுகாப்பு வரணும்னா முதல்ல ஒரு பெண் கரடி சாகணும்."

"அப்படிப் பார்த்தா அப்படித்தான்."

"பெண் கரடியைச் சுடாதேன்னு ஒரே வரியில எழுதியிருக்கலாமேப்பா?"

"யோசிச்சாங்க. ஆனா தூரத்துல ஆணு எது, பொண்ணு எதுன்னு தெரியாது பாருங்க. அப்படி எழுதினா வேட்டைக்கு வர்றவங்க ரொம்ப மனசு சங்கடப்படுவாங்க. இப்ப அந்தக் கவலை இல்ல. சுட்டுட்டுப் பக்கத்துல போய்ப் பார்த்துக்கலாம்."

ஆர்விட் ஓடைப்பக்கம் பார்த்தார். "குட்டியோட இருக்கிற தாயை?"

"அதைச் சுடவே கூடாது. சட்டப்படி குத்தம். தோலையும் மண்டையையும் பிடுங்கிட்டு, ஆயுசுக்கும் வேட்டைச் சீட்டு கிடையாதுன்னு பண்ணிருவோம்."

ஆர்விட்டுக்குச் சற்று நிம்மதி வந்தது. பங்காளியின் குட்டிகள் இன்னும் ஒரு குளிர்காலமாவது தாயுடன்தான் இருக்கும்.

"ஆனா குட்டிங்க 'கூட' இருக்கணும்" என்று ராய்ஸ் தொடர்ந்தார். "கூடன்னா, சுடறவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி. புதருக்குள்ள இருந்துச்சுன்னா, அவர் பார்க்கலேன்னு சொன்னா, கூட இல்லேன்னுதான் விதி. வேற யாராவது பார்த்து, நம்பற மாதிரி சாட்சி சொன்னாத்தான் உண்டு."

அன்று மாலையே ஆர்விட் ஆரஞ்சு வண்ணச் சாயம் வாங்கி வந்தார். அந்நாட்டில் வேலிக்கம்பத்தின் தலையில் ஆரஞ்சு பூசினால், உள்ளே வராதே என்று பொருள். வேட்டைக்காரர்கள் அதை மீறார். தம் நிலத்தின் எல்லை முழுவதும் கம்பம் கம்பமாகப் பூசிக்கொண்டே சென்றார். இங்கா சாயவாளியைத் தூக்கிக்கொண்டு பின்னே நடந்தாள்.

"கரடிக்கு ஆரஞ்சு புரியுமாடா?"

"மனுஷங்களுக்குத்தான்க்கா இது."

"மனுஷங்க ஓடைக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க. உன் பங்காளியும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் தூங்குவா. இங்க வந்து இரும்மான்னு அவளுக்கு யார் சொல்றது?"

ஆர்விட் மேலும் ஒரு கம்பத்துக்குப் பூசினார்.

பருவம் தொடங்கிய முதல் நாள், காலைக் காபி ஆறுமுன்னர், ஓடைக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு வெடியோசை கேட்டது. ஆர்விட் தேனீ வலையை முகத்திலிருந்து தள்ளக்கூட மறந்து ஓடினார். ஓடையில் இறங்கும்போதே, எதிர்க்கரைக் காட்டுச்செர்ரிப் புதரிலிருந்து இரண்டு குட்டிகள் வெளிப்பட்டு, அவரைக் கடந்து, நீரைக் கலக்கிக்கொண்டு மேற்கே ஓடின. அவற்றுள் ஒன்று பாதிவழியில் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு அதுவும் ஓடிவிட்டது.

புதரிலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில் பங்காளி கிடந்தது. பக்கத்தில் கர்ட்டிஸ் வெய்ன்ரைட் என்பவர் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். வெளி மாநிலத்தில் மெத்தைக் கடைகள் பல உடையவர்; குலுக்கலில் முதல் பெயர் அவருடையது.

"எவ்வளவு அழகு பாருங்க" என்றார், முகத்தைத் துடைத்தபடி. "இவங்களைக் காப்பாத்தறதுக்காகவே நான் ஒவ்வொரு வருஷமும் நன்கொடை குடுக்கறேன். ஒரு உதவி பண்ணுவீங்களா? என்னையும் இதையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக் குடுங்க."

அவர் நீட்டிய கைபேசியை ஆர்விட் வாங்கினார். நீட்டியதை வாங்காமலிருக்க அவருக்குப் பழக்கமில்லை. கரடியின் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மெத்தைக் கடைக்காரர் புன்னகைத்தார். ஆர்விட் படம் எடுத்துக் கொடுத்தார்.

"ரொம்ப நன்றி."

"பரவாயில்ல" என்றார் ஆர்விட்.

ராய்ஸ் வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்து வானொலிக் கருவியில், "பெண். சீசன் குளோஸ். எல்லாரையும் காட்டைவிட்டு வெளியே வரச் சொல்லுங்க" என்றார். பிறகு ஆர்விட்டின் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "மனசைத் தேத்திக்கோங்க, பெரியவரே. இனிமே இந்த வருஷம் ஒரு கரடிக்கும் ஆபத்தில்ல" என்றார். அவர் அதை ஆறுதலாகவே கூறினார். அது ஆறுதலாகவும் இருந்தது என்பதுதான் கொடுமை.

ஆணையம் மாலையில் விட்ட அறிக்கையில், பெண் கரடிப் பாதுகாப்பு விதி எதிர்பார்த்ததைவிட விரைவாகச் செயற்பட்டு மாபெரும் வெற்றி பெற்றது என்றும், தன் இனத்தின் பாதுகாப்புக்காக உயிரீந்த அந்தக் கரடிக்கு அலுவலக முகப்பில் பித்தளைப் பலகை வைக்கப்படும் என்றும் அறிவித்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஆர்விட் கழுத்துப்பட்டையை எடுத்து அணிந்தார்.

"எங்கடா?" என்றாள் இங்கா.

"ஆணையத்துக்கு. குட்டிங்க கூட இருந்துச்சு. நான் பார்த்தேன். அந்த ஆள் சுட்டது சட்டப்படி குத்தம். மண்டையைக் கொண்டுபோய்ச் சுவத்துல மாட்ட விடமாட்டேன்."

"போ. இந்தத் தடவையாவது முதல் வாக்கியத்துலயே சொல்லித் தொலை."

அவர் கதவைத் திறந்தபோது வாசலில் ஆணையத்தின் வண்டி நின்றது. தலைவர் ஸ்ட்ராட்மனே வந்திருந்தார். பின்னால் ராய்ஸ், தரையைப் பார்த்தபடி. இங்கா காபி ஊற்றினாள். தலைவர் நன்றி கூறி, ஒரு மிடறு பருகிவிட்டுத் தொடங்கினார்.

"டோலஃப்ஸன், நான் சுத்தி வளைக்க விரும்பல. பள்ளிக்கூட பஸ் ஓட்டறவர் ரெண்டு கரடிக்குட்டி பார்த்தேன்னு காபிக் கடையில சொல்லியிருக்கார். நாங்க போய்க் கேட்டா, நாயாவும் இருக்கலாம்னு நழுவறார். நீங்க அங்க இருந்தவர். உங்களைவிட நேர்மையான ஆள் இந்தப் பள்ளத்தாக்குல கிடையாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேற சாட்சியே வேண்டாம். அந்தத் தாயோட குட்டிங்க இருந்துச்சா?"

ஆர்விட் தலைவரை வியப்போடு பார்த்தார். இத்தனை மாதங்களில், தாம் என்ன சொல்வோம் என்று அந்த ஆணையம் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்பது இதுவே முதன்முறை. அவர் வாயைத் திறந்தார். ராய்ஸ் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினார். தலையை இடமும் வலமுமாக, இலை அசைவதுபோல், மிக இலேசாக அசைத்தார்.

ஆர்விட் திறந்த வாயை மூடி, மறுபடியும் திறந்தார். "இருந்துச்சுன்னு நான் சொன்னா என்ன ஆகும்?"

"நியாயம் நடக்கும். அந்த மெத்தைக்காரர் மேல நடவடிக்கை எடுப்போம். மண்டையைப் பறிமுதல் பண்ணுவோம். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, சட்டம்னா சட்டம்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்த வேட்டையே செல்லாது. செல்லாத வேட்டையில விழுந்தது கணக்குல வராது." தலைவரின் முகம் மலர்ந்தது. "கணக்குப்படி இன்னும் ஒரு பெண் கரடிகூட விழல. அதனால சீசன் நாளைக்கே திறந்துரும். குலுக்கல்ல பேர் வந்து காத்துக்கிட்டு இருக்காங்களே, பாவம், சில பேர் லீவு போட்டுட்டு வந்து ஓட்டல்ல உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு நான் பதில் சொல்லணுமா வேண்டாமா?"

"செத்தது?"

"செத்தது செத்ததுதான். கணக்குலதான் இல்ல."

"பலகை?"

"அது ஆர்டர் குடுத்தாச்சு. அடுத்ததுக்கு வச்சுக்கலாம்."

"அப்ப மிச்சம் இருக்கிற பெண் கரடிங்களோட பாதுகாப்பு?"

"அதைப்பத்திக் கவலையே வேண்டாம். அடுத்தது விழுந்ததுமே உடனடியா அமலுக்கு வந்துரும்."

சாளரத்துக்கு வெளியே ஓடை தெரிந்தது. அன்று காலையில்தான் ஆர்விட் அவ்விரண்டையும் பார்த்திருந்தார். ஒன்று கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. மற்றொன்று ஒன்றும் செய்யாமல் புதரைப் பார்த்துக்கொண்டு நின்றது. போதிய கொழுப்புச் சேராத குட்டிகள், குளிர்காலம் முழுதும் உறங்கக் குழி தோண்டித் தரத் தாய் இல்லாமல், அந்தப் பனியைத் தாண்டுவது அரிது. அவர் எதைச் சொன்னாலும் அது மாறப்போவதில்லை.

"நான் எந்தக் குட்டியையும் பார்க்கல" என்றார் ஆர்விட்.

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. குற்றவாளி தப்பிச்சுப் போறதுக்கு நீங்களே வழி விடறீங்க."

"யோசிச்சுதான் சொல்றேன். அந்தக் கரடி தனியாத்தான் இருந்துச்சு."

"அந்த ஆள் அந்த மண்டையை நடுக்கூடத்துல மாட்டுவார். உங்க சாட்சியத்தோட. பரவாயில்லையா?"

"மாட்டட்டும்."

தலைவர் எழுந்தார். நேர்மை என்பது இந்நாட்டில் அருகி வருகிறதென்றும், அதற்கும் ஒரு காப்புப் பட்டியல் வேண்டுமென்றும் வருத்தத்துடன் கூறிவிட்டு வெளியேறினார். ராய்ஸ் தொப்பியை அணிந்துகொண்டு, ஆர்விட்டின் முகத்தைப் பார்க்காமலே பின்தொடர்ந்தார். வண்டி புறப்பட்ட ஓசை அடங்கியது.

இங்கா கோப்பைகளை எடுத்தாள். "அடுத்த வாரம் கூப்பிட்டு அனுப்பிச் சத்தியம் பண்ணச் சொல்லுவாங்கடா. வேதப் புத்தகத்து மேல கையை வச்சு."

ஆர்விட் கழுத்துப்பட்டையை அவிழ்த்து மடித்தார்.

"வச்சு இதையேதான் சொல்லப் போறேன்க்கா."